ராப் பாட்டில் தெரு: எது மாறியது, எது மாறவில்லை

கேள்வி இது: "ஆரம்பத்தில் ராப் ஏழைகளின் குரலாக இருந்தது. இப்போது துப்பாக்கி, போதை, நகை, கார் என்று ஆகிவிட்டது. எப்போது மாறியது, ஏன் மாறியது?"

ராப் கேட்பவர்கள் இதைக் கேட்கிறார்கள். கேட்காதவர்கள் இன்னும் அதிகமாகக் கேட்கிறார்கள். எனக்குக் கேள்வியின் முதல் வரியிலேயே உடன்பாடு இல்லை. ராப் கொண்டாட்டமாகத்தான் பிறந்தது. தெருவின் கஷ்டம் அதற்குள் வந்து சேர ஒன்பது வருடம் ஆனது. வந்த பிறகு போலீஸ், போதைச் சரக்கு, துப்பாக்கி, செத்துப்போன நண்பன், ஜெயிலில் இருக்கும் அண்ணன் என்று பாடுபொருள் பெரிதாக மாறவே இல்லை. சொல்கிற ஆள் எங்கே நின்று சொல்கிறான், யாருக்குச் சொல்கிறான் என்பதுதான் மாறிக்கொண்டே வந்தது. முதலில் வீட்டு வாசலில் நின்று பார்த்தவன் பேசினான். பிறகு தெருவில் இறங்கியவன் பேசினான். அப்புறம் கணக்குப் பார்க்கிற வியாபாரி, அவனுக்குப் பின் அந்தச் சரக்கையே தின்று தூங்க முடியாமல் கிடப்பவன், கடைசியாகத் தப்பிப் பிழைத்து ஐம்பது வயதை நெருங்கியவன். விஷயம் பிறந்து வளர்ந்தது அமெரிக்காவில் என்பதால் அங்கேயே வைத்துச் சொல்கிறேன்.

1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையில் சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் ஒரு பார்ட்டி வைத்தார். பள்ளி திறக்கப் போகிறது, புதுத்துணி எடுக்கப் பணம் வேண்டும். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். பாட்டுப் போட்டவர் அவருடைய அண்ணன், ஜமைக்காவில் பிறந்த டிஜே கூல் ஹெர்க். பாடகர் குரல் நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளை, ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி ஓட்டி நீட்டுவதுதான் அவர் பெயர் வாங்கிய வித்தை. மைக் பிடித்தவருக்கு ஆடுகிறவர்களை உசுப்பிவிடுவதும், வந்திருக்கும் நண்பர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும்தான் வேலை.

வெளியே பிராங்ஸ் எரிந்துகொண்டிருந்தது. மிகைப்படுத்தவில்லை. நகர அதிகாரி ராபர்ட் மோசஸ் திட்டமிட்ட கிராஸ் பிராங்ஸ் எக்ஸ்பிரஸ்வே சாலை பேட்டைகளை நடுவில் பிளந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் காலி செய்ய வைத்திருந்தது. வாடகை தேறாத கட்டடங்களுக்குச் சில உரிமையாளர்களே ஆள் வைத்துத் தீ மூட்டி இன்ஷூரன்ஸ் பணம் வாங்கினார்கள். அந்த நேரம் பார்த்து நகர நிர்வாகம் சிக்கனம் என்று சொல்லித் தீயணைப்பு நிலையங்களை மூடியது. 1971 டிசம்பரில், சண்டையை நிறுத்தப் போன இளைஞர் ஒருவரை அடித்தே கொன்றார்கள். பழிக்குப் பழி என்று கிளம்பாமல் பிராங்ஸின் கும்பல்கள் ஹோ அவென்யூவில் கூடிச் சமாதானம் பேசின. பேட்டை விட்டுப் பேட்டை போய் நிம்மதியாக ஆட முடிந்தது அதற்குப் பிறகுதான். ஆக, முதல் தலைமுறை தெருவைப் பாடாமல் விட்டது தெரு தெரியாததால் அல்ல. நெருப்பிலிருந்து இரண்டு மணி நேரம் தப்பித்து வந்தவர்களிடம் போய் நெருப்பைப் பற்றி யார் பாடுவார்கள்? 1979-ல் ராப்பை வானொலிக்குக் கொண்டுபோன 'ராப்பர்ஸ் டிலைட்' பாட்டிலும் சாப்பாடு, கார், கலர் டிவி, தற்பெருமை இவைதான் இருக்கின்றன. நகையும் காரும் பிற்காலச் சீரழிவு என்று நினைப்பவர்கள் அதை ஒரு முறை முழுதாகக் கேட்கலாம்.

தெரு உள்ளே வந்தது 1982-ல், 'தி மெசேஜ்' பாட்டோடு. கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் அண்ட் த ஃபியூரியஸ் ஃபைவ் என்ற குழுவின் பெயரில் வந்தாலும் குழுவுக்கு அதில் இஷ்டம் இல்லை. ஆட வருகிறவனிடம் அவன் வீட்டுக் கஷ்டத்தையே பாடிக் காட்டுவதா என்று தயங்கினார்கள். சுகர் ஹில் இசைத்தட்டு நிறுவனத்தின் சில்வியா ராபின்சன் விடாப்பிடியாக நின்று அதைப் பதிவு செய்ய வைத்தார். பாட்டில் கேட்பவை பெரும்பாலும் டியூக் பூட்டி, மெல்லி மெல் இருவரின் குரல்கள். ஃப்ளாஷுக்கு அதில் அநேகமாக வேலையே இல்லை.

அந்தப் பாட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். முதலில் தாளம் மெதுவாகிறது, ஆடுவதைவிடக் கேட்பதற்கு ஏற்ற வேகம். உடைந்த கண்ணாடி, மூத்திர நாற்றம் அடிக்கும் மாடிப்படி, எலி, கரப்பான், கடன் வசூலிக்க போன் செய்து மனைவியை மிரட்டுகிறவர்கள் என்று கண்ணில் படுவதை வரிசையாகச் சொல்கிறது. கடைசிப் பகுதியில் ஒரு பையனை நோக்கி "நீ" என்று திரும்புகிறது: பிறந்தாய், பேட்டைப் பணக்காரத் தரகர்களைப் பார்த்து ஆசைப்பட்டாய், பள்ளியை விட்டாய், மாட்டினாய், ஜெயிலில் தூக்கில் தொங்கினாய். இந்தப் பகுதியை மெல்லி மெல் 1979-லேயே வேறொரு பாட்டில் பாடியிருந்தார். அங்கே அது கொண்டாட்டத்துக்கு நடுவே கரைந்துபோனது. இங்கே எடுத்து வைத்ததும் நிலைத்துவிட்டது. பாட்டு முடிகிற இடத்தில் நண்பர்கள் மூலையில் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள், போலீஸ் கார் வந்து நிற்கிறது, காரணம் சொல்லாமல் அள்ளிக்கொண்டு போகிறது. அந்த முப்பது, நாற்பது நொடி நாடகத்தைப் பிறகு வந்த எத்தனையோ ஆல்பங்கள் ஏதோ ஒரு வடிவத்தில் திரும்பச் செய்திருக்கின்றன.

இங்கே சொல்கிறவன் நல்லவன். குற்றம் செய்கிறவன் வேறு ஒருத்தன், பரிதாபத்துக்குரியவன். எண்பதுகளின் நடுவில் இந்த ஏற்பாடு உடைந்தது. உடைத்தது கிராக்.

கிராக் என்பது சமையல் சோடா போட்டுக் காய்ச்சிய கொக்கெய்ன். சில டாலருக்கு ஒரு துண்டு கிடைக்கும். அதைப் பெருநகரக் கறுப்பர் பேட்டைகளில் தெருமுனையில் நின்று விற்க பதினைந்து வயதுப் பையனால் முடியும். ஆலை மூடி அப்பாவுக்கு வேலை போன வீட்டில் அந்தப் பையன்தான் சம்பாதிக்கிறவன். அரசு 1986-ல் ஒரு சட்டம் போட்டது. விற்பதற்காக 5 கிராம் கிராக் வைத்திருந்தால் குறைந்தபட்சம் ஐந்து வருட ஜெயில். பணக்காரர்கள் உறிஞ்சும் பொடிக் கொக்கெய்ன் என்றால் அதே தண்டனைக்கு 500 கிராம் வேண்டும். நூறுக்கு ஒன்று என்ற இந்தக் கணக்கு 2010 வரை நீடித்தது, அப்போதும் பதினெட்டுக்கு ஒன்று என்றுதான் குறைந்தது. அடுத்த முப்பது வருட ராப்பில் பாதி இந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று தாராளமாகச் சொல்லலாம். ஜெயிலுக்குப் போன நண்பனைப் பற்றிய பாட்டு இல்லாத தெரு ராப் ஆல்பம் கிடைப்பது அரிது.

அதே காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ், கவச வண்டியின் முன்னால் நீண்ட இரும்புத் தண்டைப் பொருத்தி வீட்டுச் சுவரை இடித்து உள்ளே நுழையும் முறையைக் கொண்டுவந்தது. 1985-ல் போலீஸ் தலைவர் டாரில் கேட்ஸ் பத்திரிகையாளர்களை உடன் அழைத்துக்கொண்டு போய் ஒரு வீட்டை இடித்தார். உள்ளே இருந்தவர்கள் பெண்களும், ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்த குழந்தைகளும். லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டிய காம்ப்டனைச் சேர்ந்த டாடி டீ என்ற இளைஞர் அந்த வண்டியைப் பற்றியே ஒரு பாட்டுக் கட்டினார். மற்றவர்களின் இசைமேல் வீட்டிலேயே பேசிப் பதிவு செய்த கேசட்டாக அது முதலில் தெருவில் விற்றது, பிறகுதான் வானொலிக்குப் போனது. மேற்குக் கரையின் தெரு ராப் எதிலிருந்து கிளம்பியது என்று கேட்டால் நான் முதலில் இதைத்தான் காட்டுவேன், பலரும் சொல்லும் காம்ப்டன் குழுவான என்.டபிள்யூ.ஏ.வை அல்ல.

ஃபிலடெல்ஃபியாவின் ஸ்கூலி டி 1985-லும், லாஸ் ஏஞ்சல்ஸின் ஐஸ்-டி 1986-லும் "நான்" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். குற்றம் செய்கிறவன் தானே கதை சொல்கிறான், மன்னிப்புக் கேட்பதில்லை. 1988-ல் என்.டபிள்யூ.ஏ.வின் 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்' அதை நாடு முழுக்கக் கேட்க வைத்தது. போலீஸைத் திட்டிய ஒரு பாட்டுக்காக 1989-ல் எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் அவர்களின் இசைத்தட்டு நிறுவனத்துக்குக் கண்டனக் கடிதமே எழுதினார். ஒரு ஆல்பத்துக்கு இதைவிடப் பெரிய இலவச விளம்பரம் கிடைக்காது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அந்தக் குழுவில் போதைப்பொருள் விற்றுப் பணம் பார்த்தவர் ஈஸி-ஈ. அவருக்கு ராப் தெரியாது. வரிகளில் பலவற்றை எழுதியது அதே குழுவின் ஐஸ் க்யூப், கட்டட வரைபடப் படிப்புப் படித்த பையன். 1987-ல் வந்த 'பாய்ஸ் இன் த ஹுட்' வேறொரு குழுவுக்காக எழுதப்பட்டது. அவர்கள் வேண்டாம் என்று போய்விட, குழுவின் இசையமைப்பாளர் டாக்டர் ட்ரே ஈஸி-ஈயை நிறுத்தி வைத்து ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுத்துப் பதிவு செய்தார். தெருவின் அசல் குரல் என்று உலகம் கொண்டாடிய அந்த "நான்", ஒருவர் எழுதி இன்னொருவர் நடித்த பாத்திரம். பொய் என்று சொல்லவில்லை. பார்த்ததை எழுதினார்கள், நடித்தவர் வாழ்ந்தவர். ஆனால் அது பாத்திரம்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இது நீதிமன்றம் வரை போகும்.

பெண்கள் அதே தெருவை வேறு பக்கத்திலிருந்து பார்த்தார்கள். எம்சி லைட்டின் 'ஐ க்ராம் டு அண்டர்ஸ்டாண்ட் யூ' ஒரு காதல் சண்டை போலத் தொடங்கும். காதலன் தன்னைக் கவனிப்பதில்லை, பணம் கரைகிறது, யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்று சந்தேகப்படுகிறாள். கடைசியில் அந்த ஒருத்தியின் பெயர் தெரிகிறது: கிராக். எழுதும்போது லைட் சின்னப் பெண்தான். விற்கிறவர்களின் வீரக்கதைகளுக்கு நடுவே, வாங்குகிறவனின் வீட்டில் என்ன நடக்கிறது என்று சொன்ன பாட்டு அது. இன்றைக்கு யாரும் அதிகம் பேசாதது வருத்தம்.

அடுத்த திருப்பம் பாடகர்களால் வந்ததில்லை, பார்கோடால் வந்தது. 1991 மே வரை, எது அதிகம் விற்கிறது என்று காட்டும் பில்போர்டு பட்டியல், கடைக்காரர்களுக்கு போன் போட்டு "என்னப்பா விற்கிறது" என்று கேட்டுத் தயாரிக்கப்பட்டது. அவர்கள் ராக் இசையைக் கூட்டியும் ராப்பைக் குறைத்தும் சொன்னார்கள். சவுண்ட்ஸ்கேன் என்ற முறை வந்து, கல்லாவில் ஸ்கேன் ஆகும் ஒவ்வொரு தட்டையும் எண்ண ஆரம்பித்தது. அடுத்த மாதமே என்.டபிள்யூ.ஏ.வின் புது ஆல்பம் இரண்டாம் இடத்தில் நுழைந்து மறுவாரம் முதலிடத்துக்குப் போனது. புறநகர் மால்களில் வெள்ளைக்காரப் பையன்கள் அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்பது அப்போதுதான் கம்பெனிகளுக்குப் புரிந்தது. அதுவரை தெரு தெருவோடு பேசியது. இனிமேல் தெருவைப் பார்த்தே இராதவனுக்கும் தெருவைக் காட்ட வேண்டும். எவ்வளவு பயங்கரமாகக் காட்டுகிறோமோ அவ்வளவு விற்கும். "எப்போது மாறியது" என்பதற்கு ஒரே ஒரு தேதி கேட்டால் நான் இந்த 1991-ஐத்தான் சொல்வேன்.

ஆனாலும் தொண்ணூறுகளின் முதல் பாதியில் வந்த எழுத்துக்கு நிகராகத் தெரு ராப்பில் இன்றுவரை எதுவும் இல்லை என்பது என் அபிப்பிராயம். ஹூஸ்டனின் கெட்டோ பாய்ஸ் 1991-ல், மிரட்டித் திரிகிறவனுக்கு ராத்திரி தூக்கம் வராததைப் பாடினார்கள். கறுப்பர் உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தை இயக்கத்தில் இருந்த அஃபேனி ஷக்கூரின் மகனான டூபாக், பன்னிரண்டு வயதில் பிள்ளை பெற்ற ஒரு சிறுமியின் கதையைத் தன் முதல் ஆல்பத்தில் வைத்தார். நியூயார்க்கில் 1994-ல் நாஸ், அந்த நாட்டின் மிகப் பெரிய அரசுக் குடியிருப்பான குயின்ஸ்பிரிட்ஜிலிருந்து, இருபது வயதில் 'இல்மாடிக்' கொடுத்தார். அதில் 'ஒன் லவ்' முழுக்க ஜெயிலில் இருக்கும் நண்பர்களுக்கு எழுதும் கடிதம். உன் குழந்தை உன் சாயலில் இருக்கிறது, இன்னாரைச் சுட்டுவிட்டார்கள், உன் காதலி சரியில்லை என்று ஊர்ச் செய்தி சொல்வதுபோலப் போகும். கடைசியில் எழுதுகிறவன் பெஞ்சில் உட்கார்ந்து, தொழிலில் இறங்கிவிட்ட ஒரு பன்னிரண்டு வயதுப் பையனோடு பேசுகிறான். ஏதோ புத்தி சொல்கிறான். பையன் கேட்டானா என்று பாட்டு சொல்லாது.

அதே வருடம் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் முதல் ஆல்பத்தில் வரும் 'திங்ஸ் டன் சேஞ்ச்ட்' நம் கேள்வியையே பாட்டாக்கியது. முன்பெல்லாம் பேட்டையில் எல்லோரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டோம், பிள்ளைகள் விளையாடின. இப்போது பெற்றோர்கள் பிள்ளைகளைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்று இருபத்திரண்டு வயது ஆள் பெருமூச்சு விடுகிறான். "அந்தக் காலம் போல இல்லை" என்ற புலம்பல் ராப்புக்கு வெளியிலிருந்து வந்ததில்லை, உள்ளேயே 1994-ல் இருந்தது. 1996 செப்டம்பரில் டூபாக்கும் 1997 மார்ச்சில் பி.ஐ.ஜி.யும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 25 வயது, 24 வயது.

அதற்குப் பிறகு பயங்கரம் சற்றுப் பின்னால் போய் பணம் முன்னால் வந்தது. புரூக்ளினின் மார்சி குடியிருப்பில் வளர்ந்த ஜே-ஸி, எந்தக் கம்பெனியும் எடுக்காததால் தானே நிறுவனம் தொடங்கி 1996-ல் முதல் ஆல்பத்தை வெளியிட்டார். அதில் பேசுகிறவன் முதலாளி மாதிரிப் பேசுகிறான்: கொள்முதல், லாபம், கூட்டாளி துரோகம், மாட்டினால் ஆகும் நஷ்டம். கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் உண்டு, ஆனால் கணக்கு முடிந்த பிறகுதான். 1998-ல் நியூ ஆர்லியன்ஸின் கேஷ் மணி நிறுவனம் யுனிவர்சல் என்ற பெரிய இசைக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. அடுத்த வருடம் அவர்கள் பாட்டு ஒன்றின் வழியாக மின்னும் நகையைக் குறிக்கும் 'பிளிங் பிளிங்' என்ற சொல் உலகம் முழுக்கப் போனது. 1996-ன் தொலைத்தொடர்புச் சட்டம் ஒரே கம்பெனி நாடு முழுக்க எத்தனை வானொலி நிலையம் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று திறந்துவிட, கிளியர் சேனல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களை வளைத்தது. ஊருக்கு ஊர் வேறு பாட்டு என்ற நிலைமை போய், ஒரே பட்டியல் எங்கும் ஓடியது. சமூகம் பேசும் ராப் செத்துவிட்டது என்று பலருக்குத் தோன்றியது இந்தக் காலத்தில்தான். அது செத்துப்போகவில்லை, வானொலியில் இடம் இல்லாமல் போனது. 2000-ல் ஒன்பது குண்டு வாங்கிப் பிழைத்த 50 சென்ட், 2003-ல் அந்தக் காயங்களையே விளம்பரமாக்கி முதல் வாரத்திலேயே ஏறக்குறைய எட்டே முக்கால் லட்சம் தட்டுகள் விற்றார்.

தெற்கில் அட்லாண்டாவிலிருந்து டி.ஐ., ஜீஸி, கூச்சி மேன் மூவரும் 2003-லிருந்து 2005-க்குள் 'ட்ராப்' என்ற வகையை நிலைநிறுத்தினார்கள். சரக்குக் காய்ச்சி விற்கும் வீட்டுக்கு அங்கே அந்தப் பெயர். பாட்டில் இப்போது தெருமுனைகூட இல்லை, அடுப்படிதான் இருக்கிறது: பானை, தராசு, சோடா, ஜன்னல் திரை, வெளியே ஒரு கார் மெதுவாகப் போகிற சத்தம். 1983-லேயே உற்பத்தி நிறுத்தப்பட்ட ரோலண்ட் 808 தாள இயந்திரத்தின் அடிவயிற்றைக் கலக்கும் ஒலி அதன் முத்திரை. ஜீஸியின் பனிமனிதன் படம் போட்ட டி-ஷர்ட் கொக்கெய்னைக் குறிக்கிறது என்று கண்டுபிடித்துப் பள்ளிகள் தடை போட்டன. ஆசிரியர்களுக்கு அர்த்தம் தெரிய நேரமானது, பிள்ளைகளுக்கு முன்பே தெரியும்.

பாத்திரம் ஆளைவிடப் பெரிதாகிவிட்டது என்பதற்கு ரிக் ராஸ் நல்ல உதாரணம். லாஸ் ஏஞ்சல்ஸில் கிராக் விற்றுப் புகழ்பெற்ற நிஜ ஆள் ஒருவரின் பெயரை வைத்துக்கொண்டு பெரும் கடத்தல்காரனாகப் பாடியவர் அவர். அவர் முன்பு சிறைக் காவலராக வேலை பார்த்தவர் என்று 2008-ல் ஆவணத்தோடு தெரியவந்தது. 1988-ல் இது நடந்திருந்தால் அவர் கதை அதோடு முடிந்திருக்கும். 2009-ல் அவருடைய அடுத்த ஆல்பம் நேராக முதலிடத்துக்குப் போனது. கேட்பவர்களுக்கு அது கதை என்று தெரியும், நல்ல கதையாக இருந்தால் போதும் என்று இருந்தார்கள்.

நம் ஆள் ஒருவர் இந்தக் கதைக்குள் வருவதும் இங்கேதான். இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் வந்து இலங்கையிலும் லண்டனிலும் வளர்ந்த எம்.ஐ.ஏ. என்ற மாயா அருள்பிரகாசம், அமெரிக்க விசா சிக்கலில் மாட்டியிருந்த சமயத்தில் எழுதியது 2007-ன் 'பேப்பர் பிளேன்ஸ்'. துப்பாக்கி வெடிக்கும் சத்தமும் கல்லாப்பெட்டி திறக்கும் சத்தமும் சேர்ந்து வரும் அந்தப் பாட்டு, அகதியாக வந்தவனெல்லாம் கொள்ளைக்காரன் என்று நினைப்பவர்களின் பயத்தைக் கிண்டல் செய்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சிகள் அந்த வெடிச்சத்தத்தை மட்டும் மாற்றிப் போட்டன. அடுத்த வருடம் அதன் ஒரு வரியை எடுத்து ஜே-ஸி, டி.ஐ., கான்யே வெஸ்ட், லில் வெய்ன் நால்வரும் சேர்ந்து ஒரு பாட்டே செய்தார்கள். அகதியின் கிண்டல் ட்ராப் வியாபாரியின் பெருமையாக மாறிப்போனது.

2007 செப்டம்பர் 11 அன்று 50 சென்டும் கான்யேவும் ஒரே நாளில் ஆல்பம் வெளியிட்டார்கள். கான்யே ஜெயித்தார், வித்தியாசம் இரண்டரை லட்சத்துக்கும் மேல். கல்லூரிப் பேராசிரியையின் மகன், குண்டு வாங்கியவரை விற்பனையில் தோற்கடித்தார். குண்டுக் காயம் இல்லாமலும் ராப்பில் மேலே வரலாம் என்று ஆனது. அதன் இன்னொரு விளைவாக, தெருவிலிருந்து வந்தவர்களும் உள்ளே இருக்கும் வலியைப் பேச ஆரம்பித்தார்கள். எண்பதுகளில் போதைக்கு அடிமையானவன் பாட்டில் கேலிக்குரிய பிணம். 2015-ல் ஃபியூச்சர் என்ற பாடகர் பாடும்போது அந்த அடிமை அவரே. கோடீன் கலந்த இருமல் மருந்து, மாத்திரைகள், மரத்துப்போன மனசு என்று விற்பனையாளனும் வாடிக்கையாளனும் ஒரே ஆளாகிவிட்டார்கள். வலிநிவாரண மாத்திரைகள் நாட்டையே விழுங்கிய காலம் அது. ராப் பாடகர் ஜூஸ் வேர்ல்ட் 2019 டிசம்பரில் அந்த மாத்திரைகளால் இறந்தபோது வயது 21.

இடையில் 2012-ஐத் தனியாகப் பார்க்க வேண்டும். ஒரே வருடத்தில் தெருவைச் சொல்லும் இரண்டு நேரெதிர் வழிகள் வந்தன.

ஒன்று சிகாகோவின் ட்ரில். வீட்டுக்காவலில் பாட்டி வீட்டில் அடைபட்டிருந்த பதினாறு வயது சீஃப் கீஃப், சட்டை போடாத நண்பர்களோடு அறைக்குள்ளேயே எடுத்த வீடியோவால் உலகப் புகழ் பெற்றார். பின்னணியையும் சொல்ல வேண்டும். சிகாகோ நிர்வாகம் 2000-லிருந்து பெரிய அரசுக் குடியிருப்புகளை ஒவ்வொன்றாக இடித்தது. 2007-க்குள் ராபர்ட் டெய்லர் ஹோம்ஸ் தரைமட்டம், 2011-ல் காப்ரினி-கிரீனின் கடைசி அடுக்குமாடியும் போயிற்று. பழைய கும்பல் தலைவர்கள் ஏற்கெனவே ஆயுள் முழுக்க உள்ளே. சிதறிய குடும்பங்கள் புதிய தெருக்களுக்குப் போக, பெரிய கும்பல்கள் உடைந்து தெருவுக்கு ஒரு குழு ஆனது. கொல்லப்பட்ட நண்பனின் பெயரையே குழுவுக்கு வைத்தார்கள். அதனால் ட்ரில் பாட்டில் பொதுவான "தெரு" கிடையாது. இன்ன சந்து, இன்ன ஆள், இன்ன தேதி என்று இருக்கும். இரண்டு தெரு தள்ளி இருக்கிற எதிரி அடுத்த அரை மணி நேரத்தில் யூடியூபில் பார்ப்பான் என்று தெரிந்தே பாடுவது. செத்த எதிரியின் பெயரைச் சொல்லிக் கேலி செய்வது இதற்கு முன் எந்தக் காலத்திலும் இவ்வளவு சகஜமாக இருந்ததில்லை. எனக்கு இது கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் ட்ரில் தெருவை மிகைப்படுத்துகிறது என்ற குற்றச்சாட்டு தவறு. மிகைப்படுத்தாததுதான் அதன் பிரச்சினை. ட்ரில் லண்டனுக்குப் போய், அங்கே வழுக்கும் பேஸ் ஒலியோடு வேறு உருவம் எடுத்து, 2019-ல் புரூக்ளினின் பாப் ஸ்மோக் வழியாக அமெரிக்காவுக்கே திரும்பி வந்தது. அவரும் 2020 பிப்ரவரியில் இருபது வயதில் கொல்லப்பட்டார்.

இன்னொன்று காம்ப்டனின் கென்ட்ரிக் லமார். அவர் 2012-ல் வெளியிட்ட ஆல்பம் கும்பலில் சேராத, ஆனால் கும்பலோடு திரியும் ஒரு பையனின் ஒரு நாள். நண்பர்களோடு இருக்கும்போது மட்டும் வீடு புகுந்து திருடுகிறவன். அதில் பன்னிரண்டு நிமிடப் பாட்டு ஒன்று. முதல் பகுதியில் கொலையுண்டவனின் சகோதரன் பேசுகிறான். உன் ஆல்பம் வெளிவருவதற்குள் நான் செத்துவிட்டால் என்று ஏதோ சொல்ல வருகிறான், வாக்கியம் முடிவதற்குள் துப்பாக்கிச் சத்தம். இரண்டாவதில் ஒரு பெண், என் அக்காவைப் பற்றிப் பாட உனக்கு யார் உரிமை கொடுத்தது என்று பாடகரையே கேட்கிறாள். முந்தைய ஆல்பத்தில் அந்த அக்காவின் கதையை அவர் பாடியிருந்தார். நான் மங்கிப் போக மாட்டேன் என்று அவள் சொல்லச் சொல்ல, ஒலியைக் குறைத்துக்கொண்டே போய் அவள் குரலை மங்க வைத்துவிடுகிறார். தெருவைப் பாடி விற்பவன்மேல் தெரு வைக்கும் வழக்கை ராப்புக்குள்ளேயே நடத்தியது அது. 2018-ல் அவருக்கு இன்னொரு ஆல்பத்துக்காகப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

வயதும் ஒரு காரணம். ராப்பில் நாற்பத்தைந்தைத் தாண்டிய தெருக்காரன் என்ற பாத்திரம் முன்பு இருக்க வாய்ப்பே இல்லை, அந்தக் கலைக்கே அவ்வளவு வயது ஆகவில்லை. 2017-ல் 47 வயது ஜே-ஸி, புரூக்ளினில் அன்று இரண்டு மில்லியனுக்கு வாங்காமல் விட்ட இடம் இன்று இருபத்தைந்து மில்லியன் என்று பாட்டில் நொந்துகொண்டார். லாஸ் ஏஞ்சல்ஸின் நிப்ஸி ஹஸில், தான் ஒரு காலத்தில் நின்று வியாபாரம் செய்த ஸ்லாசன், கிரென்ஷா சாலைகள் சந்திக்கும் இடத்திலேயே துணிக்கடை திறந்தார். சொத்து வாங்கு, பேட்டையை விட்டுக்கொடுக்காதே என்பதுதான் அவர் பாட்டு. 2019 மார்ச் 31 அன்று அந்தக் கடை வாசலிலேயே அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

கடைசியாக, கேட்கிறவர்கள் கூட்டத்தில் இப்போது அரசு வழக்கறிஞரும் இருக்கிறார். நியூ ஜெர்சியில் ஒரு வழக்கில், குற்றத்துக்குப் பல வருடம் முன் எழுதிய வரிகள் உட்படப் பதின்மூன்று பக்க ராப்பை ஜூரிக்குப் படித்துக் காட்டினார்கள். குற்றத்தோடு நேரடித் தொடர்பு இல்லாவிட்டால் இது செல்லாது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2014-ல் தீர்ப்பளித்தது. கலிஃபோர்னியா 2022-ல் இதைக் கட்டுப்படுத்தச் சட்டமே கொண்டுவந்தது. அதே 2022-ல் அட்லாண்டாவில் ராப் பாடகர் யங் தக் கும்பல் குற்றச் சட்டத்தில் கைதானார். பாட்டு வரிகளைச் சாட்சியமாகக் கொண்டுவர நீதிபதி நிபந்தனையோடு அனுமதித்தார். 2024 அக்டோபரில் அவர் சில குற்றங்களை ஒப்புக்கொண்டு, உள்ளே இருந்த காலத்தையே தண்டனையாகக் கழித்துக்கொண்டு, 15 வருட நன்னடத்தைக் கண்காணிப்போடு வெளியே வந்தார். ஈஸி-ஈக்கு வரி எழுதிக்கொடுத்த ஐஸ் க்யூபின் காலத்தில் இப்படி ஒரு வழக்கு வந்திருந்தால், அந்த "நான்" யார் என்று கண்டுபிடிக்கவே ஒரு மாதம் ஆகியிருக்கும்.

2024-ல் கென்ட்ரிக், கனடாவின் டொராண்டோவிலிருந்து வந்த ராப் பாடகர் டிரேக்கைத் தாக்கிப் பாடியபோதும் சண்டையின் ஒரு பகுதி இதே தெருவைப் பற்றியதுதான். அட்லாண்டாவின் ஆட்களை வைத்து நீ பேரும் பணமும் சேர்க்கிறாய், அந்த ஊர் உனக்கு யார் என்று கேட்டார். அந்தப் பாட்டில் இருந்த வேறு குற்றச்சாட்டுகளுக்காக டிரேக் தன் சொந்த இசை நிறுவனத்தின் மேலேயே அவதூறு வழக்குப் போட்டார். ராப் சண்டையில் சொல்வதை எந்தச் சாதாரணக் கேட்பவரும் நிஜத் தகவலாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று சொல்லி நியூயார்க்கின் ஃபெடரல் நீதிபதி 2025 அக்டோபரில் அதைத் தள்ளுபடி செய்தார். கோடீஸ்வரர் ஒருவர் போட்ட வழக்கில் கிடைத்த இந்தத் தீர்ப்பை, தெருமுனைப் பையன்களின் வழக்கறிஞர்கள் எத்தனை பேர் இனி எடுத்துக் காட்டப் போகிறார்கள், எத்தனை நீதிபதிகள் அதை ஏற்கப் போகிறார்கள் என்பதைத்தான் நான் இப்போது கவனித்துக்கொண்டிருக்கிறேன்.